அவர் எழுதிவிட்டுப் போன அஞ்சு

என் வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம் ஆன பிறகும் அந்தச் சிவப்பு வண்டி எங்கள் ஷெட்டில்தான் நின்றது. பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, மேலே எங்கள் வீட்டுப் பழைய போர்வையைப் போர்த்தியிருந்தார். போர்த்தியது அவர் கை என்பதால் நான் அதை எடுத்துத் துவைக்கவே இல்லை.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன்னால் ஷெட்டு, பின்னால் இரண்டு அறை. ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தினமும் பொழுது சாய்ந்ததும் போன் செய்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் அவளுக்கும் கேட்க ஒன்றும் இருக்காது, எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

காலையில் எழுந்ததும் ஷெட்டைத் திறந்துவிடுவேன். யாரும் வண்டி கொண்டுவரப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் திறந்து, கூட்டி, சுவரில் உள்ள முருகன் படத்துக்கு விளக்கேற்றுவேன். அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் திருப்பரங்குன்றம் போய்வருவார். கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலத்தை அந்தப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் புருஷனும் இல்லை, போய் நின்று அழுவதற்கு அந்தச் சந்நிதியும் இல்லை என்று ஆகிப்போனது. "நான் அங்க வர முடியாது முருகா. நீதான் இங்க இருந்து கேட்டுக்கணும்" என்று படத்திடம் சொல்லிக்கொள்வேன்.

அந்த வண்டி ஒரு வாத்தியாருடையது. காலேஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கேயே அண்ணாநகரில்தான் இருக்கிறார். சீமையில் செய்த வண்டி, அவருடைய அப்பா காலத்தில் வந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். தலைக்கு மேல் இரும்புக் கூரை கிடையாது, மடக்கி வைக்கிற கித்தான் துணிதான். நீளமான மூக்கும் குட்டி முதுகுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். போன வருஷம் அதன் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு நாள் பெரிதாக ஒரு முறிவுச் சத்தம் கேட்டு, வண்டி ரோட்டிலேயே நின்றுவிட்டது.

பின்னால் கிரௌன் போயிருந்தது. டிஃபரன்ஷியல் என்று படித்தவர்கள் சொல்வதை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் கிரௌன் என்பார்கள். இன்ஜினிலிருந்து நீளமாக ஒரு ஷாப்ட் பின்னால் வரும். அதன் சுற்றை வாங்கி இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புக் கூடு அது. கூட்டுக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று. சின்னது பல சுற்றுச் சுற்றினால்தான் பெரியது ஒரு சுற்றுச் சுற்றும். எத்தனைக்கு எத்தனை என்பதுதான் கணக்கு.

என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிப் பிரித்து, உடைந்த பல்லை வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இங்க கிடைக்குமாய்யா?" என்று அவர் கேட்டார்.

"தேடுவோம் சார். மெட்ராஸ்ல அந்தக் காலத்துல ஒரு குடும்பக் கார் செஞ்சாங்கள்ல, அதுவும் இதுவும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. கூடு அப்பிடியே ஒக்காரும். உள்ள பல்லுக் கணக்குதான் வண்டிக்கு வண்டி மாறும். கணக்குத் தப்புனா மேடெல்லாம் ஏறும், சமதரையில போனா இன்ஜின் கதறிரும்."

"வண்டி வீட்டுக்கு வந்துருமா?"

"சொந்தச் சக்கரத்துல ஓடி வரும் சார். கட்டி இழுத்தெல்லாம் அனுப்ப மாட்டேன். இது என் வாக்கு."

நான் அப்போது காபி டம்ளரோடு நின்றிருந்தேன். அந்த வார்த்தையை என் காதால் கேட்டேன்.

தேனிப் பக்கம் ஒரு காயலான் கடையில் அந்தக் குடும்பக் காரின் கிரௌன் இரண்டு கிடைத்தது. லக்கேஜ் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் சீல் மாற்றி, கறுப்புப் பெயிண்டும் அடித்தார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

அந்த ஒரு வேலைக்கு மட்டும் கல்யாணமான புதிதிலிருந்தே என்னைக் கூப்பிடுவார். கூட்டைப் பிரிக்காமல் உள்ளே என்ன கணக்கு என்று கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். கூட்டுக்கு முன்பக்கம் ஒரு தட்டு இருக்கும், இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொரு தட்டு இருக்கும். ஒரு பக்கவாட்டுத் தட்டைக் கம்பியால் முட்டுக் கொடுத்து அசையாமல் நிறுத்திவிடுவார். மற்றப் பக்கத் தட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுவார். அதற்குள் முன்தட்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று நான் எண்ண வேண்டும். அதுதான் அந்தக் கிரௌனின் கணக்கு.

எண்ணுவதில்தான் எங்களுக்குள் முதல் சண்டையே வந்தது. என் அப்பா களத்தில் நெல் அளப்பவர். நான் எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனேன். ஆனால் எண்ணக் கற்றது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலை "லாபம்" என்பார்கள். அதுவும் மரக்கால் நிறைந்த பிறகு சொல்வதில்லை. குவியலில் மரக்காலை வைக்கும்போதே "லாபம், லாபம்" என்று ஆரம்பித்து, அது நிறைகிறவரை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த மரக்காலை வைத்ததும் "ரெண்டு, ரெண்டு". எனக்கும் நாக்கு அப்படியே பழகிவிட்டது. முதல் சுற்று கிளம்பும்போதே லாபம் என்பேன். அது முடிந்து அடுத்த சுற்று கிளம்பினால் ரெண்டு. என் வீட்டுக்காரரோ சுற்று முடிந்த பிறகுதான் ஒண்ணு என்பார்.

"நாலு முடிஞ்சு கொஞ்சம் போயிருக்குடி. நீ என்னடான்னா அஞ்சுங்கிற?"

"அஞ்சுதான். நாலு வயசு முடிஞ்ச பிள்ளைக்கு அஞ்சு நடக்குதுன்னு சொல்றதில்லையா? அது மாதிரி."

"எண்ணச் சொன்னா இவ அளக்குறாய்யா" என்று சிரித்தார். பிறகு, "சரித்தா, ஒன் கணக்கே இருக்கட்டும். அஞ்சு நெறஞ்சிருச்சா, இல்ல இப்பத்தான் வாய் வச்சிருக்கா? அத மட்டும் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி வந்தது. எப்போதும் அப்படித்தான் கேட்பார், நானும் அப்படித்தான் சொல்வேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் எதை எங்கே எழுதி வைத்தார் என்று நின்று பார்த்ததில்லை. குழம்பு அடிப்பிடித்துவிடுமோ என்ற கவலை எனக்கு.

தேனியிலிருந்து வந்த இரண்டையும் அப்படித்தான் எண்ணினோம். ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். அதற்குப் பத்து நாள் கழித்து நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தார்.

நாலு மாதம் வரை வாத்தியார் வாய் திறக்கவில்லை. நல்ல மனிதர். பிறகு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். கூடவே என் வீட்டுக்காரரின் தொழில் கூட்டாளி ஒருவரும் வந்தார். மாட்டுத்தாவணிப் பக்கம் ஷெட்டு வைத்திருக்கிறவர். ரத்த சம்பந்தம் இல்லை என்றாலும் அவரை அண்ணே என்பார், என்னை மதினி என்பார். அந்த வேலையை முடித்துத் தர வாத்தியார் அவரைத்தான் அழைத்துவந்திருந்தார்.

கூட்டாளி முதலில் உடைந்த கிரௌனின் பல்லை எண்ணினார். "பெருசுல முப்பத்தேழு, சின்னதுல ஒம்பது. நாலொம்பது முப்பத்தாறு, மிச்சம் ஒண்ணு. நாலு சுத்தும் ஒரு பல்லும் சார். நாலு கணக்குக் கிரௌன்தான் இதுக்கு வேணும்."

பிறகு பலகையில் இருந்த இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இரண்டின் முதுகிலும் மஞ்சள் பெயிண்டில் என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். ஒன்றில் 5. இன்னொன்றிலும் 5, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

கூட்டாளி உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டுமே அஞ்சா இருக்கே சார். இது ஆகாது."

"பிரிச்சு ஒரு தடவை பாத்துரலாமா?" என்று வாத்தியார் கேட்டார்.

"அண்ணே எழுத்துக்கு மேல பிரிச்சு வேற பாக்கணுமா? அவரு எழுதுனா எழுதுனதுதான்." அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "வாங்கும்போதுதான் தப்பிருச்சு போல. கடைசியில அண்ணனுக்குக் கொஞ்சம் கணக்குப் பிசகிருச்சு சார். போன தடவ என் ஷெட்டுக்கு வந்தப்பக்கூட ஸ்பானரக் கையில வச்சுக்கிட்டே தேடுனாரு."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "விடுங்கம்மா. அவரே போய்ட்டாரு. இதப் போட்டு உங்களையும் இழுத்தடிக்க வேணாம். திங்கக்கிழமை வண்டி தூக்குற லாரிய அனுப்பி எடுத்துக்கிறேன். வீட்டு முன்னால நிறுத்தி வச்சுக்கிறேன். ஓடாட்டிப் போகுது."

நான் சரி என்று தலையாட்டினேன். போர்வையை மறுபடி வாத்தியார்தான் போர்த்தினார். ஒரு பக்கம் இறக்கமாகிவிட்டது. அவர்கள் போன பிறகு நான் அதை இழுத்துச் சரி செய்தேன்.

அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரியில் வண்டி போவதை நினைத்துக்கூட இல்லை. அவர் கணக்குத் தப்பியவர் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டதே, அதுதான். இன்னும் ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நானும் அதை நம்பினேன். கடைசி மாதங்களில் ஒரு நாள், வாங்கியதை மறந்து இரண்டாம் முறையும் உப்புப் பாக்கெட் வாங்கிவந்தார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஏறி, சமயநல்லூருக்குப் பதிலாக வேறெங்கோ போய்த் திரும்பினார். அதையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைத்துப் பார்த்து, ஆமாம், அவருக்கு முடியாமல்தான் இருந்திருக்கிறது, கூடவே இருந்தும் நான் கவனிக்கவில்லை என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். அவர் படத்தைப் பார்க்கக் கூசியது. முப்பது வருஷம் ஒரே கூரையில் இருந்தவளுக்கு அவரைச் சந்தேகப்பட இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலை உலை வைத்துவிட்டு அரிசிப் பானையைத் திறந்தேன். எங்கள் இருவருக்கும் இரண்டு உழக்கு அரிசி. "லாபம்" என்று ஒன்று, "ரெண்டு" என்று ஒன்று. அவர் போன பிறகு ஒரு உழக்குத்தான். லாபம் என்று சொல்லி அளப்பேன், அதோடு நின்றுவிடும். ரெண்டு என்ற வார்த்தை நாலு மாதமாக என் வாயிலிருந்து வரவே இல்லை.

அன்றைக்கும் உழக்கைப் பானைக்குள் விட்டதும் வாய் தானாக லாபம் என்றது. அப்போது உழக்கு நிறையவில்லை. அரிசிக்குள் சாய்ந்துதான் கிடந்தது, பாதி வெறுமையாக.

கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நிறையாததற்கும் எண்ணிக்கை சொல்லிவிட்டேன். இதுதானே என் கணக்கு. அந்த இரண்டையும் எண்ணியது யார்? நான். அப்படியென்றால் அந்த அஞ்சு யாருடையது?

உலையை இறக்கி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

வட்டம் இல்லாத அஞ்சைப் பலகையிலிருந்து இறக்கவே மூச்சு வாங்கியது. தரையில் சாக்கு விரித்து, இரண்டு கட்டைக்கு நடுவில் அதை நிறுத்தினேன். முட்டுக் கொடுக்கிற கம்பி அவர் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. ஒரு பக்கத் தட்டுக்கு அதை வைத்து முட்டுக் கொடுத்தேன். சாக்பீஸ் டப்பாவைத் திறந்தால் தூள்தான் இருந்தது.

முருகன் படத்துக்குப் பின்னால் கை விட்டேன். அவர் கடைசியாகக் கொண்டுவந்த பொட்டலம். பிரிக்காமல் வைத்திருந்தது. தண்ணீரில் குழைத்து, மற்றப் பக்கத் தட்டில் ஒரே ஒரு கோடு இழுத்தேன். கறுப்பு இரும்பில் வெள்ளையாகக் காய்ந்து நின்றது. தப்பு செய்கிறேனோ என்று பயமாகவும் இருந்தது. "நெத்தியில வைக்கிறத இரும்புல வச்சுட்டேன். பொறுத்துக்க முருகா, இது அவரு நெத்திதான்" என்றேன்.

ஆள் ஒன்றுதானே. சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. அதனால் முன்தட்டின் ஒரு ஓட்டையில் சேலைக் கிழிசல் ஒன்றை முடிச்சுப் போட்டேன். முன்தட்டை நான் கையால் சுற்ற, முடிச்சு உச்சிக்கு வரும்போதெல்லாம் விரலில் தட்டும். எண்ணுவது கையின் வேலை, பக்கத் தட்டுக் கோட்டைப் பார்ப்பது கண்ணின் வேலை என்று பிரித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் இது தோன்றவில்லை. தேவைப்படவும் இல்லை.

லாபம் என்று கிளப்பினேன். கெட்டியாக இருந்தது, இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. முடிச்சு தட்டியது, ரெண்டு. மறுபடி தட்டியது, மூணு. திருநீற்றுக் கோடு ஒரு முறை உச்சிக்கு வந்து கீழே போயிருந்தது. நாலு. பிறகு முடிச்சு தட்டியது. அஞ்சு என்று வாயெடுத்துக் கொஞ்சம்தான் நகர்த்தியிருப்பேன், கோடு இரண்டாம் முறையாக உச்சியில் வந்து நின்றது.

அஞ்சு. இப்பத்தான் வாய் வச்சிருக்கு.

அவர் கணக்கில் சொன்னால் நாலு முடிந்து கொஞ்சம்.

வட்டம் போட்டதையும் இறக்கி அதே மாதிரி சுற்றினேன். அதுவும் அஞ்சில்தான் வந்து நின்றது. ஆனால் அந்த அஞ்சாவது சுற்று முக்கால்வாசிக்கு மேல் போய், நிறைகிற சமயத்தில். அதனால்தான் வட்டம். நிறைந்த அஞ்சுக்கு வட்டம், வாய் வைத்த அஞ்சுக்கு வெறும் அஞ்சு. நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார். தன் கணக்குக்கு மாற்றிக்கூட எழுதவில்லை.

சாக்கில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியதால் யாருக்கும் கேட்டிருக்காது.

கூட்டாளிக்குப் போன் செய்தேன்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அந்தக் கிரௌன்ல ஒண்ணு நாலுதான்."

"மதினி, அண்ணே எழுத்துல அஞ்சுன்னு இருக்கே?"

"எழுத்து அவரோடது. எண்ணுனது நான்."

"வாரேன் மதினி" என்றார்.

வந்து, தரையில் நின்ற கூட்டையும் கம்பியையும் சேலைக் கிழிசலையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "ஆத்தாடி, ஸ்பானர் மட்டுந்தான் பாக்கி! இனி எங்க பொழப்பு அம்புட்டுத்தான்."

"கேலி அப்பறம் பண்ணலாம். நீங்க சுத்துங்க. நீங்க ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எண்ணுங்க, நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி எண்ணுறேன். சத்தமா."

சுற்றினார். நான் லாபம் என்றபோது அவர் வாய் மூடியிருந்தது. முதல் சுற்று முடிந்ததும் அவர் "ஒண்ணு" என்றார், அதே நொடியில் நான் "ரெண்டு" என்றேன். அவர் "ரெண்டு", நான் "மூணு". ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "மூணு", "நாலு". கடைசியில் அவர் "நாலு!" என்று கத்த, நான் "அஞ்சு!" என்று கத்த, கோடு உச்சிக்கு வந்தது.

"நாலும் கொஞ்சமும்" என்றார். "நாலு சுத்தும் ஒரு பல்லும். இதேதான் மதினி!"

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மஞ்சள் எழுத்தை விரலால் தொட்டார். "அவரப் போயி கணக்குப் பிசகிருச்சுன்னு சொல்லிட்டேனே. அதுவும் ஒங்க காதுல விழுற மாதிரி."

"நானும் நம்பிட்டேன் தம்பி" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. கூட்டாளி ஜாக்கியில் கிரௌனை ஏற்றி, வண்டியின் முதுகுக்கு அடியில் மெதுவாகத் தூக்கினார். அவர் அடியில் படுத்திருக்க, நான் மேலிருந்து போல்ட்டை ஓட்டைக்கு நேராகத் தள்ள வேண்டும்.

"தள்ளுங்க மதினி. இன்னும். ஒரு நூல் இங்கிட்டு. முருகனக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சத்தமாக் கூப்பிடுங்க, எனக்கும் சேத்து."

போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஸ்பிரிங் பட்டையை மேலே வைத்து இறுக்கி, ஷாப்ட்டை மாட்டி, சக்கரத்தைப் பூட்டினார். கிரௌன் ஆயில் ஊற்றினபோது ஷெட்டு முழுக்க அந்த வாடை வந்தது. என் வீட்டுக்காரர் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. துவைக்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன்.

பத்து மணிக்கு வாத்தியார் வந்தார். கூட்டாளி எல்லாவற்றையும் சொன்னார், தான் பேசியதையும் சேர்த்து. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லாரிய வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார்.

இருவரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு சமயநல்லூர் வரை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். நான் அடுப்படிக்கு வந்தேன். அவர்கள் இருவரும் இங்கேதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். உழக்கை எடுத்து லாபம் என்றேன், ரெண்டு என்றேன், மூணு என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வண்டி திரும்பி வருவதைக் காதால்தான் முதலில் பார்த்தேன். ஊளைச் சத்தம் இல்லை. கதறலும் இல்லை. சீராக வந்து, வாசலில் மூச்சு விட்டு நின்றது. கூட்டாளி இறங்கும்போதே, "பட்டு மதினி, பட்டு!" என்றார்.

சாப்பிட்டுவிட்டு வாத்தியார் கிளம்பினார். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்கம்மா. ஒரு சுத்து போய்ட்டு வருவோம். அவருக்குப் பதிலா."

ஏறியிருக்கலாம். ஏன் ஏறவில்லை என்று அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். "இல்ல சார். வண்டி ஒங்க வீட்டுக்குப் போகட்டும். சொந்தச் சக்கரத்துல போகும்னு சொன்னாரு. நேரா வீட்டுக்கே போங்க" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. கதவை மூடிவிட்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார். திண்டுக்கல் ரோட்டில் திரும்புகிறவரை சத்தம் கேட்டது. அப்புறம் பஸ் சத்தத்தில் அது கலந்துவிட்டது. கூட்டாளியும் கையைக் கழுவிக்கொண்டு, "அப்ப நான் போயிட்டு வாரேன் மதினி. எதுன்னாலும் ஒரு போனு போடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஷெட்டுக்குள் வந்தேன். ஸ்டாண்டின் கால்கள் நின்ற இடத்தில் நாலு வட்டம் சிமெண்டில் பதிந்திருந்தது. போர்வை ஒரு மூலையில் மடித்து வைத்திருந்தது. மடித்தது யார் என்று தெரியவில்லை. அதை எடுத்துப் போய்த் துவைத்துக் காயப் போட்டேன். தண்ணீர் முதலில் செம்மண் நிறமாக வந்தது.

வட்டம் போட்ட அஞ்சு இன்னும் பலகையில்தான் இருக்கிறது. அந்தக் குடும்பக் கார் வைத்திருக்கிறவர்கள் யாராவது ஒரு நாள் கேட்டு வரலாம். வந்தால் இது அஞ்சுக்குக் கொஞ்சம் குறைய என்று நானே சொல்லிக் கொடுப்பேன். எழுத்தை மட்டும் அழிக்கவிட மாட்டேன்.

காலையில் இப்போதும் ஷெட்டைத் திறந்து கூட்டுகிறேன். படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து, உழக்கை அரிசிக்குள் விட்டு லாபம் என்கிறேன். நிறைந்ததும் எடுத்துவிடுகிறேன்.